சாப்பாட்டுக்குப் பின் பத்து மில்லி

ராணிப்பேட்டை கழிவுநீர் நிலையத்தில்
பதினோரு வருஷமாக
அமிலத்துக்கு நான்தான் கணக்குப்பிள்ளை.
தோல் ஷெட்டிலிருந்து வருகிற தண்ணீரில்
காகிதத் துண்டை முக்கி
நிறம் பார்ப்பேன்.
சிவந்தால் சுண்ணாம்பு.
இன்னும் சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு.
இவ்வளவுதான் என் வித்தை,
இதற்குத்தான் சம்பளம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
என் நெஞ்சுக்குழியில் ஒரு ஷெட் திறக்கிறது.
தொண்டை வரைக்கும் ஏறி வந்து
புளித்த மூச்சோடு எட்டிப் பார்த்துவிட்டு
இறங்கிப் போகிறது.
காகிதம் வேண்டாம்,
நாக்கே சொல்லிவிடும்.

கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் கொடுத்தேன்.
கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை விட்டேன்.
மூன்று டீயை ஒன்றாக்கினேன்,
அந்த ஒன்றை விட மனசில்லை.
மென்று தின்ற வெள்ளை மாத்திரைகள்
சுண்ணாம்புக்குச் சொந்தக்காரர்கள் என்று
எனக்குத் தெரியாதா?
வீட்டிலும் அதே வேலையா?

சனிக்கிழமை வேலூர்.
ஆற்காடு ரோடு, வங்காளத்தில் எழுதிய பலகைகள்.
மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம்,
கையில் எக்ஸ்ரே உறை, தோளில் தூங்கும் குழந்தை.
அவர்கள் சில்லறை எண்ணி முடிக்கும்வரை
நான் அலமாரியைப் படித்தேன்.

கடற்பாசி உப்பு, ரோஸ் நிறப் பாட்டிலில்.
அதுவே புதினா வாசனையில், பொட்டலம் பொட்டலமாக.
கடற்பாசிப் பொடி, காப்ஸ்யூலில்.
அட்டை முழுக்க அலை, அலைமேல் சூரியன்,
எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் எங்குமில்லை.
அதை முதலில் தள்ளிவைத்தேன்.
படம் பெரிதாகவும் எண் பொடியாகவும் இருக்கும் டிரம்மை
எங்கள் கிடங்கிலேயே நான் இறக்க விடுவதில்லை.

"பிரஷர் இருக்கா?"
கடைப்பெண் பர்வீன் கேட்டாள்.
"எனக்கில்லை, அவருக்கு."
"குடிக்கப்போறது நீங்கதானே?
இதுல சோடியம் ஜாஸ்தி, அதான் கேட்டேன்.
சாப்பிட்டப்புறம் பத்து மில்லி, படுக்கும்போது ஒருதரம்.
முழுங்க கஷ்டமா இருந்தாலோ, எடை இறங்கினாலோ
பாட்டிலை நம்பாதீங்க"
என்று ஆஸ்பத்திரியைத் தாடையால் காட்டினாள்.

இது அமிலத்தோடு சண்டைக்குப் போகாதாம்.
தொட்டதும் கெட்டியாகி
நுரையைப் பிடித்துக்கொண்டு
மேலே வந்து மிதக்குமாம்.
"தெப்பம் மாதிரி அக்கா. மூடி போட்டுடும்."

தண்ணியில்லாத ஆற்றைத் தாண்டி
பஸ்ஸில் திரும்பும்போது
மடியில் தெப்பம், நூற்றெழுபது ரூபாய்.
பாலத்தின் கீழே மணலில்
யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"பாசின்னா, கோட்டை அகழியில மிதக்குதே, அதுவா?"
என்றார் பலராமன்.
இல்லை என்றேன்.
இடுப்பளவு கடலில் நின்று
பெண்கள் பாறையிலிருந்து பாசி பறிப்பதை
எப்போதோ டிவியில் பார்த்தது.
விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள்.
எந்தக் கடல், யாருடைய விரல் என்று
இந்தப் பாட்டிலில் போடவில்லை.
காலாவதித் தேதி இருக்கிறது.

வழுவழுப்பாக இறங்கியது,
சோம்பு வாசனையில் கொஞ்சம் சாக்கு.

ரெண்டு மணிக்குப் பழக்கத்தில் விழித்தேன்.
வரவில்லை.
போய்விட்டது என்றும் சொல்ல முடியாது,
கீழேதான் இருக்கிறது,
எனக்குச் சோறு செரிக்க வேண்டுமே.
மேலே ஒரு மெல்லிய ஏடு
அசைந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு
இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
நாளை எப்படியோ.

திங்கட்கிழமை முதல் தொட்டி.
காகிதம் நன்றாகச் சிவந்திருந்தது.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்
பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல.
"மேடம்," என்றார் முனிரத்தினம்,
மூட்டையின் வாயைப் பிரித்தபடி,
"எத்தனை?"

"நாலு."